இருமாவும் நாலுமாவும் கணினிக்குள்



கணினியிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லுங்கள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எதில் கேட்டாலும் விடை 0.30000000000000004 என்று வரும். புதிதாக நிரல் எழுத வந்தவர் இதைப் பார்த்துத் திகைக்கிறார். பக்கத்தில் இருக்கும் மூத்தவர், "மிதவைப் புள்ளி எண்கள் தோராயமானவை, அதைக் கண்டுகொள்ளாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். இளையவரின் கேள்வி அங்கேயே நின்றுபோகிறது. அந்தப் பதிலை மறுத்துப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

கணினியில் இருக்கும் ஒவ்வொரு ஃப்ளோட்டும், அதாவது மிதவைப் புள்ளி எண்ணும், துல்லியமான ஓர் எண். ஒரு முழு எண்ணை 2-இன் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கினாலோ வகுத்தாலோ கிடைக்கும் எண் அது. அதில் மங்கலுக்கு இடமே இல்லை. நாம் கேட்ட எண் அந்த வரிசையில் இல்லாதபோது மட்டும் கணினி பக்கத்தில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இதைத்தான் ரவுண்டிங் என்கிறோம். எந்தப் பக்கத்து எண்ணை எடுப்பது என்பதற்கும் எழுதிவைத்த விதி உண்டு. பிட்களைத் திறந்து படிக்கத் தெரிந்தவர், கடைசியில் அந்த 4 எப்படி வந்தது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். அதை இங்கேயே செய்து பார்ப்போம்.

முதலில் 32 பிட் ஃப்ளோட். இடப்பக்கம் இருக்கும் முதல் பிட் குறி: 0 என்றால் மிகை, 1 என்றால் குறை. அடுத்த 8 பிட்கள் அடுக்கு. மீதி 23 பிட்கள் பின்னம். அடுக்கைப் படித்து அதிலிருந்து 127ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். பின்னத்துக்கு முன்னால் எழுதப்படாத ஒரு 1 இருப்பதாகக் கொள்ள வேண்டும். சுழியத்தைத் தவிர எந்த இரும எண்ணையும் 1-இல் தொடங்கும்படி நகர்த்திவிடலாம் என்பதால் அந்த 1-க்கு இடம் செலவழிக்கவில்லை. 64 பிட் டபுளிலும் இதே அமைப்புதான். அங்கே அடுக்குக்கு 11 பிட்கள், பின்னத்துக்கு 52 பிட்கள், கழிக்க வேண்டியது 1023.

இப்போது 32 பிட்டில் 0.1ஐப் பாருங்கள்:

0 01111011 10011001100110011001101

அடுக்கு 01111011, அதாவது 123. 127 போனால் −4. பின்னத்தில் 1001 என்ற கோவை திரும்பத் திரும்ப வருகிறது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினால் அது முடிவில்லாமல் சுழலும். 23 இடம் நிரம்பியதும் நிறுத்தியாக வேண்டும். கோவை அப்படியே போயிருந்தால் கடைசி இலக்கம் 0. ஆனால் விட்டுப்போகும் பகுதி பாதிக்கு மேல் இருந்ததால் மேலே தள்ளி 1 ஆக்கியிருக்கிறார்கள். மொத்தத்தையும் பின்னமாக எழுதினால் 13421773-இன் கீழ் 134217728. கீழே இருப்பது 2-இன் 27ஆம் அடுக்கு. மேலே உள்ளதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள்: 134217730. சரியான பத்தில் ஒன்றாக இருந்தால் 134217728 வந்திருக்க வேண்டும். இரண்டு கூடுதல். பிழை இவ்வளவு என்று கையில் எடுத்துக் காட்டக்கூடிய அளவு அது.

எந்தப் பின்னம் உள்ளே முழுதாக அமரும், எது அமராது? இதை விளக்க எண்சுவடியைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கத்தில் இரண்டு குடும்பங்கள் உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம் என்பது ஒரு குடும்பம்: 1/2, 1/4, 1/8, 1/16. இன்னொன்று மா, காணி, முந்திரி: 1/20, 1/80, 1/320. முதல் குடும்பம் இரண்டால் மட்டுமே வகுத்துப் போனது. இரண்டாவதில் ஐந்து கலந்திருக்கிறது. முக்காலோ மூன்று வீசமோ கணினிக்குள் ஒரு துளி பிசகாமல் அமரும். மா குடும்பத்தில் ஐந்து விலகாத எதுவும் அமராது. நாம் தசமத்தில் 0.1 என்று எழுதுவது இருமா, 0.2 என்பது நாலுமா. இரண்டையும் கூட்டினால் ஆறுமா. மூன்றுமே ஐந்து கலந்தவை. ஆகவே மூன்றுக்கும் தனித்தனியே ரவுண்டிங் நடக்கிறது. சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அந்தக் கூட்டலை டபுளில் போடுவோம். கொஞ்சம் பெரிய எண்கள்; பொறுமையாக வாருங்கள். 0.1 என்று நாம் எழுதுவது உள்ளே 3602879701896397-ஐ 2-இன் 55ஆம் அடுக்கால் வகுத்த எண். 0.2 அதன் சரியான இரு மடங்கு: 7205759403792794, அதே வகுஎண். மேலே உள்ளவற்றைக் கூட்டினால் 10808639105689191. இதுவரை பிழை எதுவும் சேரவில்லை. ஆனால் டபுளில் 53 இரும இலக்கங்களுக்குத்தான் இடம். இந்த எண்ணுக்கு 54 தேவை. ஆகவே பாதியாக்கி, வகுஎண்ணை 2-இன் 54ஆம் அடுக்காக்க வேண்டும். எண்ணோ ஒற்றைப்படை. பாதி 5404319552844595.5. இரண்டு பக்கத்து எண்களுக்கும் சரிநடுவில் வந்து நிற்கிறோம். இப்படி நேர்ந்தால் கடைசி பிட் 0 ஆக உள்ள இரட்டைப்படை எண்ணை எடு என்பது விதி. எனவே 5404319552844596. இனி 0.3ஐ நேராக எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2-இன் 54ஆம் அடுக்கில் பத்தில் மூன்று பங்கு 5404319552844595.2. அதற்குப் பக்கத்து எண் 5404319552844595. ஒன்று 596-இல் முடிகிறது, மற்றொன்று 595-இல். ஒரே ஒரு படி வித்தியாசம். அந்த ஒரு படிதான் திரையில் ...04 என்று தெரிகிறது.

இதே கூட்டலை 32 பிட்டில் போட்டால்? 40265319-ஐ 2-இன் 27ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும். 24 இலக்கத்துக்குள் அடக்க நான்கால் வகுத்தால் 10066329.75, பக்கத்து எண் 10066330. நேராக எழுதிய 0.3 அங்கே 10066329.6, அதற்கும் பக்கத்து எண் 10066330. இரண்டும் சமம். துல்லியம் குறைந்த வடிவத்தில் சமன்பாடு பொருந்துகிறது, கூடிய வடிவத்தில் பொருந்தவில்லை. 'தோராயம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒருபோதும் விளக்க முடியாது.

இந்த இருமா உயிர்களைக் குடித்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைக் காப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 வீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக, முழு எண்ணில் எண்ணிவந்தது. அதில் பிசகு இல்லை. நொடியாக மாற்றும்போது அதை 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கினார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் 0.000000095 நொடி பிழை. 100 மணி நேரம் இடைவிடாமல் இயங்கிய அமைப்பில் 36 லட்சம் துடிப்புகள். சேர்ந்த பிழை 0.34 நொடி. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது. நொடியை அரைக்காலாகவோ வீசமாகவோ பிரித்து எண்ணியிருந்தால் இந்தப் பெருக்கலில் பிழையே நேர்ந்திருக்காது.

பிட்களின் அமைப்புக்கு வருகிறேன். குறி, அடுக்கு, பின்னம் என்ற இந்த வரிசைக்குள் ஓர் அரிய திட்டம் இருக்கிறது. 1.0-இன் 32 பிட்களையும் முழு எண்ணாகப் படியுங்கள்: 1065353216. 2.0-ஐப் படியுங்கள்: 1073741824. இரண்டுக்கும் இடையே 8388608 படிகள். 2-க்கும் 4-க்கும் இடையிலும் அதே 8388608 படிகள். 1024-க்கும் 2048-க்கும் இடையிலும் அப்படியே. எண்ணிக்கை மாறுவதில்லை, படிகளுக்கு இடையிலான தூரம் மட்டும் ஒவ்வொரு இரட்டிப்பிலும் இரட்டிக்கிறது. அதனால்தான் 16777216-க்குப் பிறகு ஃப்ளோட் 16777217-ஐத் தாண்டிப் போய்விடுகிறது. மிகை எண்களில், பெரிய ஃப்ளோட்டின் பிட்கள் முழு எண்ணாகவும் பெரியவையே. அடுத்த ஃப்ளோட் வேண்டுமா, முழு எண்ணில் ஒன்றைக் கூட்டுங்கள். கிடைத்த விடையும் எதிர்பார்த்த விடையும் எத்தனை படி தள்ளி இருக்கின்றன என்று அறிய, இரண்டின் முழு எண் வடிவங்களைக் கழித்தால் போதும். பெரும்பாலான நிரல்களில் 0.00001-க்குள் இருந்தால் சமம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். எண்கள் கோடியில் இருக்கும்போதும், கோடியில் ஒரு பங்காக இருக்கும்போதும் அந்த அளவுகோல் பொருளற்றது. படிகளை எண்ணும் முறை அங்கெல்லாம் நிற்கும். சுழியத்தை ஒட்டிய விடைகளுக்கு மட்டும் வேறு அளவு வேண்டும்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. 1970-களில் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட்டது. ஐபிஎம் 360 பதினாறு அடிமானத்தில் எண்களை வைத்ததால், எண்ணைப் பொறுத்து மூன்று பிட் வரை துல்லியம் குறையும். சில இயந்திரங்களில் ஓர் எண் சுழியமில்லை என்று சோதனை சொல்லும், அதையே 1.0-ஆல் பெருக்கினால் சுழியமாகிவிடும். இன்டெல் தன் 8087 சில்லைத் திட்டமிட்டபோது, டொரன்டோவில் பிறந்து பெர்க்லியில் கற்பித்துவந்த வில்லியம் கஹானை ஆலோசகராக அழைத்தது. 8087 வெளிவந்தது 1980-இல். கஹானும், அவருடைய மாணவர் ஜெரோம் கூனனும், ஹெரால்ட் ஸ்டோனும் எழுதிய வரைவு பொதுத் தர நிர்ணயக் குழுவின் முன் வந்தது.

பெரிய எதிர்ப்பு ஓர் இடத்தில்தான். மிகச் சிறிய எண்கள் சுழியத்தை நெருங்கும்போது திடீரென்று சுழியமாக விழ வேண்டுமா, படிப்படியாகத் தேய வேண்டுமா? கஹான் படிப்படியாக என்றார். அப்போதுதான் இரண்டு வெவ்வேறு எண்களைக் கழித்தால் சுழியம் வராது என்று உறுதி சொல்ல முடியும். வேக்ஸ் கணினிகளைச் செய்த டெக் நிறுவனம் இது வேகத்தைக் கெடுக்கும் என்றது. டெக் தானே அமர்த்திய பிழை ஆய்வாளர் ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட், 1981-இல் கஹானின் வழியே சரி என்று அறிக்கை தந்தார். 1985-இல் ஐஇஇஇ 754 என்ற எண்ணோடு தரம் நிலைபெற்றது. 1989-இல் கஹானுக்கு டூரிங் விருது. இன்று உங்கள் கைபேசியும் வானிலைக் கணிப்பு மையத்தின் பெருங்கணினியும் ஒரு கூட்டலுக்கு ஒரே விடை தருவதற்குக் காரணம் அந்த விடாப்பிடி. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

பிட்களை முழு எண்ணாகப் பார்ப்பதன் உச்சம் என்று நான் கருதுவது 1999-இல் வந்த குவேக் 3 அரீனா விளையாட்டின் நிரலில் இருந்தது. 2005-இல் அதன் மூலநிரல் வெளியானபோது உலகமே பார்த்தது. வர்க்கமூலத்தின் தலைகீழைக் கண்டுபிடிக்க வேண்டும். வர்க்கமூலமும் எடுக்காமல், வகுக்கவும் செய்யாமல், ஃப்ளோட்டின் பிட்களை முழு எண்ணாக எடுத்து, பாதியாக்கி, 1597463007 என்ற எண்ணிலிருந்து கழித்து, விடையை மறுபடி ஃப்ளோட்டாகப் படிக்கிறார்கள்.

4-ஐ எடுத்துக்கொள்வோம். பிட்கள் முழு எண்ணாக 1082130432. பாதி 541065216. கழித்தால் 1056397791. அதை ஃப்ளோட்டாகப் படித்தால் 0.4831. உண்மையான விடை 0.5. நியூட்டன் முறையில் ஒரே ஒரு திருத்தம் செய்தால் 0.49915. ஏன் வேலை செய்கிறது? பிட்களின் முழு எண் மதிப்பு, அந்த எண்ணின் இரும மடக்கையை ஏறத்தாழப் பின்தொடர்கிறது. அடுக்கு முன்னால் வைக்கப்பட்டதன் பலன் அது. மடக்கையைப் பாதியாக்கிக் குறி மாற்றினால் அது வர்க்கமூலத்தின் தலைகீழுக்கு மடக்கை. 127-ஐ ஒன்றரை மடங்காக்கி 8388608-ஆல் பெருக்கினால் 1598029824. பின்தொடர்தலில் உள்ள சிறு வளைவைச் சரிக்கட்ட 566817 குறைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்த மர்ம எண்.

இதைப் பலர் குவேக்கின் நிரலாளர் ஜான் கார்மக்கின் கண்டுபிடிப்பு என்றார்கள். அவரே இல்லை என்று மறுத்தார். தேடிப் போனபோது 1980-களின் இறுதியில் ஆர்டன்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கிரெக் வால்ஷிடம் போய் நின்றது. அவருக்குத் தூண்டுதல் மேட்லேபை உருவாக்கிய கிளீவ் மோலர். அதற்கும் முன் 1986-இல் கஹானும் கே. சி. இங்கும் பிட்களைக் கொண்டு வர்க்கமூலம் காணும் வழியை எழுதிவைத்திருந்தார்கள். இன்று இந்த நிரலை யாரும் பயன்படுத்தத் தேவையில்லை. செயலியிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. படிப்பதற்காகப் படியுங்கள்.

அந்த நிரலை அப்படியே நகலெடுக்கவும் வேண்டாம். அது ஃப்ளோட்டின் முகவரியை முழு எண் பாயின்டராகக் காஸ்ட் செய்து படிக்கிறது. சி மொழியின் விதிப்படி ஒரு வகையில் வைத்ததைத் தொடர்பில்லாத இன்னொரு வகைப் பாயின்டர் வழியே படிக்கக் கூடாது. அப்படி யாரும் செய்யமாட்டார்கள் என்று நம்பித்தான் கம்பைலர் நிரலை மாற்றி அடுக்குகிறது. ஒரு நாள் பழைய மதிப்பைப் படித்துவிடும். மேலும் அங்கே பயன்படுத்திய 'லாங்' வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட். சரியான வழி எளிமையானது. சி-யில் மெம்காப்பி கொண்டு நான்கு பைட்டை உரிய முழு எண் மாறிக்குள் நகலெடுங்கள். கம்பைலர் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும், வேகம் போகாது. சி++ 20-இல் பிட்-காஸ்ட் இருக்கிறது. ஜாவா, கோ, ரஸ்ட் எல்லாவற்றிலும் இதற்கென்றே செயல்கூறுகள் உண்டு. பைத்தானில் ஸ்ட்ரக்ட் மாடியூல். கோப்பில் எழுதும்போது பைட் வரிசையையும் கவனியுங்கள்: 1.0-இன் நான்கு பைட்கள் 63, 128, 0, 0. இன்டெல் இயந்திரத்தின் நினைவகத்தில் அவை 0, 0, 128, 63 என்று கிடக்கும்.

பிட்களை வைத்து இரு ஃப்ளோட்கள் சமமா என்று சோதிக்கும் முன் இரண்டு விதிவிலக்குகளை நினைவில் வையுங்கள். மிகைச் சுழியமும் குறைச் சுழியமும் சமம். ஆனால் குறி பிட் வேறு. அடுக்கு முழுவதும் 1 ஆக, பின்னம் சுழியமற்றதாக இருந்தால் அது 'நேன்', எண்ணே இல்லை என்பதன் அடையாளம். அது தனக்குத்தானே சமமில்லை, பிட்கள் ஒன்றாகவே இருந்தாலும். பின்னத்தில் எதையும் வைக்கலாம் என்ற அந்தச் சலுகையைப் பயன்படுத்தி, ஃபயர்பாக்ஸ், சஃபாரி உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்ட் எந்திரங்கள் முகவரிகளையும் பிற மதிப்புகளையும் நேனுக்குள்ளேயே ஒளித்துவைக்கின்றன.

எல்லைகளில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்வு. 2011 ஜனவரியில், 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்ற எண்ணை 32 பிட் கணினிகளில் இயங்கிய பிஎச்பி-யிடம் கொடுத்தால், அது முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொள்வது தெரியவந்தது. இணைய முகவரியில் அந்த எண்ணைச் சேர்த்து அனுப்பினால் சர்வர் முடங்கிவிடும். முழுத் துல்லியத்தோடு நிற்கும் எண்களும், கஹான் போராடிப் பெற்ற தேயும் எண்களும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் அந்த எண் அமர்ந்திருக்கிறது. 8087-இன் வழிவந்த 80 பிட் ரெஜிஸ்டர்களில் இடைநிலை விடை தங்கியதால், திருத்தம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. மறு மாதம் அதே எல்லையில் இன்னோர் எண் ஜாவாவையும் நிறுத்தியது.

கடைசியாக, இப்போது நடந்துகொண்டிருப்பது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு 32 பிட் அதிகம் என்று ஆனது. கூகுள் 32 பிட் ஃப்ளோட்டின் கீழ்ப்பாதி 16 பிட்களை வெட்டிவிட்டு பிஃப்ளோட் 16 என்றது. அடுக்குக்கு அதே 8 பிட்கள், பின்னத்துக்கு 7. 2022-இல் என்விடியா, ஆர்ம், இன்டெல் மூன்றும் சேர்ந்து 8 பிட் வடிவங்களை முன்வைத்தன. அவற்றில் ஒன்றில் அடுக்குக்கு 4 பிட்கள், பின்னத்துக்கு 3. மொத்தமே 256 கோவைகள். மாணவர்களே, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி அத்தனையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மிகப் பெரியது 448. முடிவிலிக்கு அங்கே இடம் கிடையாது. வழக்கமாக அதைக் குறிக்கும் கோவைகளையும் சாதாரண எண்களுக்கே கொடுத்துவிட்டார்கள். 448-ஐத் தாண்டினால் 448-லேயே நிறுத்துவதா, நேன் ஆக்குவதா என்று பயன்படுத்துபவர்தான் முடிவெடுக்க வேண்டும். இவ்வளவு நெருக்கடியிலும் 1/64-க்குக் கீழே 1/512 முதல் 7/512 வரை ஏழு தேயும் எண்களை வைத்திருக்கிறார்கள்.